29 பெருகின, 42 அழிந்தன: செயின்ட் மேத்யூ தீவின் துருவ மான்கள்

பெரிங் கடலில், அலாஸ்காவின் நிலப்பகுதியிலிருந்து வெகுதூரம் விலகிக் கிடக்கும் செயின்ட் மேத்யூ தீவில், 1944ஆம் ஆண்டு 29 துருவ மான்கள் இறக்கிவிடப்பட்டன. பத்தொன்பது ஆண்டுகளில் அவை 6,000 ஆயின. அதற்கடுத்த ஒரே குளிர்காலத்தில் ஏறக்குறைய முழு மந்தையும் மடிந்தது. 1966இல் எண்ணியபோது உயிரோடு இருந்தவை 42. அந்த 42இலிருந்து மந்தை மறுபடி தழைக்கவில்லை; 1980களுக்குள் தீவில் ஒரு மான்கூட எஞ்சவில்லை.

ஒரு வாழிடத்தில் உயிரினத்தொகை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான நிகழ்வுகள் மிகச் சிலவே. பிற இடங்களில் உள்வருகை, வெளியேற்றம், கொன்றுண்ணிகள், போட்டி இனங்கள், வேட்டை எனப் பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிவது கடினம். இங்கே அவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஒரு தாவரஉண்ணி, அதன் உணவு, தட்பவெப்பம் ஆகிய மூன்றும் மட்டுமே களத்தில் இருந்தன. இத்தனை எளிய அமைப்பிலேயே தலைகளின் எண்ணிக்கை நிலைமையை எவ்வளவு தாமதமாகச் சொல்லியது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். 1963 கோடையில் தீவுக்குப் போனவர்கள் அதுவரை இல்லாத அளவுக்கு மான்களைக் கண்டார்கள். அந்த மந்தை ஏற்கெனவே நலிந்திருந்தது. எண்ணிக்கையில் மட்டும் அந்த நலிவு தெரியவில்லை.

தீவும் மந்தையும்

செயின்ட் மேத்யூ நீண்டு குறுகிய ஒரு தீவு; பரப்பு ஏறத்தாழ 330 சதுர கிலோமீட்டர். மரங்கள் இல்லை. புல், கோரை, குறுஞ்செடிகள், பாசிகள், பூஞ்சையும் நுண்பாசியும் இணைந்து ஓருயிர்போல் வளரும் லைக்கன்கள் ஆகியவை நிலத்தை மூடியிருந்தன. நிலவாழ் பாலூட்டிகள் என்று சொல்ல வடதுருவ நரியும் ஒருவகைச் சிறு கொறிணியும்தாம் இருந்தன. ஓநாய்கள் இல்லை. முழுவளர்ச்சி பெற்ற துருவ மானைக் கொல்லக்கூடிய எதுவும் அங்கே நிலையாக வாழவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே லோரான் எனும் வானொலி வழிகாட்டு நிலையம் ஒன்றை நடத்தியது. உணவு வழங்கல் தடைபட்டால் அங்கிருப்போருக்கு இறைச்சி கிடைக்க வேண்டும் என்பதற்காக அலாஸ்காவின் நூனிவாக் தீவிலிருந்து 24 பெண் மான்களும் 5 ஆண் மான்களும் கொண்டுவரப்பட்டன. போர் முடிந்தது, நிலையம் மூடப்பட்டது, ஆட்கள் போய்விட்டார்கள். மான்கள் மட்டும் தீவில் தங்கிவிட்டன.

மந்தையின் அமைப்பை இங்கே கவனிக்க வேண்டும். அவை இளம் விலங்குகள். பெண்கள் ஆறில் ஐந்து பங்கு. துருவ மான் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால் மந்தை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைப் பெண்களின் விகிதமே பெரிதும் தீர்மானிக்கிறது. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும் இனத்தில் ஐந்து ஆண்கள் தாராளம். பெருக்கத்துக்கென்றே திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான ஒரு தொடக்கக் கூட்டத்தை அமைத்திருக்க முடியாது.

உணவும் அதற்கேற்றபடி இருந்தது. அதுவரை எந்தப் பெரிய தாவரஉண்ணியும் மேயாத நிலம் என்பதால் லைக்கன்கள் விரல்நீளத்துக்கும் மேலாகத் தடித்து மெத்தையைப்போல் படிந்திருந்தன. துருவ மானுக்குக் குளிர்காலத்தில் இதுதான் முதன்மை உணவு. புரதம் குறைவு, ஆனால் எளிதில் செரிக்கும் மாவுச்சத்து நிறைந்தது. பிற பெரும்பாலான தாவரஉண்ணிகளால் பயன்படுத்த இயலாத லைக்கனைத் துருவ மானின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் ஆற்றலாக மாற்றித் தருகின்றன. கோடையில் புல், இலை, பூ எதையும் தின்று உடலைத் தேற்றிக்கொள்ளும் விலங்கு, பனிக்காலத்தைக் கடப்பதற்கு லைக்கனையும் தன் உடற்கொழுப்பையும் நம்பியிருக்கிறது.

மூன்று கணக்கெடுப்புகள்

இந்த மந்தையின் வரலாறு நமக்குக் கிடைப்பதற்கு உயிரியலாளர் டேவிட் கிளைன் 1957, 1963, 1966 ஆகிய ஆண்டுகளில் தீவுக்குச் சென்று செய்த களப்பணியே காரணம். அவர் தலைகளை எண்ணியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விலங்குகளை எடைபோட்டார், குட்டிகளையும் ஓராண்டு நிறைந்தவற்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டார், தரையில் எது முளைத்திருக்கிறது, எது காணாமல்போயிருக்கிறது என்று பார்த்தார். இந்தக் கூடுதல் அளவீடுகள் இல்லாதிருந்தால் 1,350, 6,000, 42 என்ற மூன்று எண்களை வைத்துக்கொண்டு நாம் ஊகம்தான் செய்துகொண்டிருப்போம்.

1957இல் தீவில் 1,350 மான்கள் இருந்தன. 29இலிருந்து 13 ஆண்டுகளில் இந்த எண்ணை எட்ட வேண்டுமானால் மந்தை ஆண்டுதோறும் சராசரியாக 34 விழுக்காடு பெருகியிருக்க வேண்டும். அதாவது இரண்டேகால் ஆண்டு முதல் இரண்டரை ஆண்டுக்குள் ஒருமுறை இரட்டித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் விலங்குக்கு இது ஏறக்குறைய உயிரியல் உச்சவரம்பு. உடல்நிலையும் அதற்கு இசைவாகவே இருந்தது. வளர்ப்பு மந்தைகளில் உள்ள துருவ மான்களைவிடத் தீவின் பெண் மான்கள் 24 முதல் 53 விழுக்காடும், ஆண் மான்கள் 46 முதல் 61 விழுக்காடும் கூடுதல் எடை கொண்டிருந்தன. நூறு பெண் மான்களுக்கு 75 குட்டிகளும், ஓராண்டு நிறைந்த 45 இளமான்களும் காணப்பட்டன. ஆயினும் லைக்கன் படுகைகளில் சில இடங்களில் மேய்ச்சலின் தேய்மானம் அப்போதே தெரியத் தொடங்கியிருந்தது.

1963இல் எண்ணிக்கை 6,000. சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 18 மான்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி 28 விழுக்காடு. 34இலிருந்து 28 என்பது பெரிய சரிவாகத் தோன்றாது. இந்த வேகத்திலும் மந்தை மூன்றாண்டுக்குள் இரட்டிக்கும். எண்ணிக்கையை மட்டும் வரைபடத்தில் குறித்திருந்தால் கோடு செங்குத்தாக மேலே போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் எடைக்கணக்கு வேறு செய்தி சொன்னது. முழுவளர்ச்சி பெற்ற பெண்களின் எடை 1957இல் இருந்ததைவிட 38 விழுக்காடும், ஆண்களின் எடை 43 விழுக்காடும் குறைந்திருந்தன. நூறு பெண்களுக்குக் குட்டிகள் 60ஆகவும், ஓராண்டு நிறைந்தவை 26ஆகவும் இறங்கியிருந்தன. இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குட்டிகளின் விகிதம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது; இளமான்களின் விகிதமோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. தாய்கள் இன்னும் ஈன்றுகொண்டிருந்தார்கள்; பிறந்த குட்டிகள்தாம் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. உணவு நெருக்கடிக்கு ஆளாகும் பெரிய பாலூட்டிகள் பலவற்றில் பாதிப்பு இந்த வரிசையில்தான் வருகிறது: முதலில் இளங்குட்டிகளின் பிழைப்பு குறையும், பிறகு பெண்கள் முதன்முறை ஈனும் வயது தள்ளிப்போகும், பிறகு ஈனும் வீதம் குறையும், வளர்ந்த பெண்களின் இறப்பு எல்லாவற்றுக்கும் கடைசியாகவே உயரும். மொத்த எண்ணிக்கையில் பெரும்பங்கு வளர்ந்த விலங்குகளே என்பதால், அந்தக் கடைசிக் கட்டம் வரும்வரை தலைக்கணக்கு நலமாகவே தெரியும்.

1966இல் தீவெங்கும் எலும்புக்கூடுகள் கிடந்தன. எஞ்சிய 42 விலங்குகளில் 41 பெண்கள். ஒரே ஓர் ஆண்; அதன் கொம்புகள் இயல்பற்ற வளர்ச்சி கொண்டிருந்ததால் அது இனப்பெருக்கத் திறன் அற்றதாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. குட்டி ஒன்றுகூட இல்லை.

எலும்புக்குள் இருந்த சான்று

மந்தை எதனால் இறந்தது என்பதற்கு நேரடிச் சான்று எலும்பு மஜ்ஜையில் கிடைத்தது. பட்டினியில் வாடும் மான் தன் கொழுப்பை ஓர் ஒழுங்கில் செலவிடுகிறது. முதுகுத் தோலின் கீழுள்ள கொழுப்பு முதலில் கரையும். அடுத்து வயிற்றறையிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள கொழுப்பு. இவை தீர்ந்த பிறகுதான் கால் எலும்புகளின் மஜ்ஜைக் கொழுப்பில் உடல் கைவைக்கும். நலமான விலங்கின் மஜ்ஜை கெட்டியாக, வெண்மை கலந்து இருக்கும். பட்டினியில் செத்ததன் மஜ்ஜை சிவந்து கூழாகியிருக்கும். திடீரென நோயாலோ விபத்தாலோ இறந்த விலங்கில் மஜ்ஜைக் கொழுப்பு எஞ்சியிருக்கும். தீவில் ஆராயப்பட்ட எலும்புகளில் அந்தக் கொழுப்பு அறவே இல்லை. கடைசிச் சேமிப்பையும் தீர்த்துவிட்டே அவை விழுந்திருந்தன. எலும்புக்கூடுகளின் நிலை, அவற்றின் வயதுப் பகுப்பு ஆகியவற்றைக் கொண்டு இறப்பு 1963–64 குளிர்காலத்தின் பிற்பகுதியில், குறுகிய காலத்துக்குள் நிகழ்ந்தது என்று கிளைன் முடிவுசெய்தார்.

ஆண்கள் ஏன் அநேகமாக முற்றிலும் அழிந்தன என்பதற்கும் உடலியலில் விடை உண்டு. இலையுதிர்காலத்து இணைசேர்க்கைப் பருவத்தில் ஆண்கள் மேய்ச்சலைக் கைவிட்டு மோதலிலும் துரத்தலிலும் ஈடுபடுவதால், கோடையில் சேர்த்த கொழுப்பைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே இழந்துவிடுகின்றன. பெரிய உடலுக்கு அன்றாடம் வேண்டிய உணவும் அதிகம். மேலும், இணைசேர்க்கைக்குப் பின் வளர்ந்த ஆண்கள் கொம்புகளை உதிர்த்துவிடுகின்றன. பெண்களோ, குறிப்பாகச் சினையுற்றவை, குளிர்காலம் முழுவதும் கொம்போடு இருக்கின்றன. பனியைக் குளம்பால் தோண்டிக் கண்ட உணவுக்குழியை யார் வைத்துக்கொள்வது என்ற போட்டியில் கொம்புள்ளதே வெல்கிறது. பற்றாக்குறை முற்றும்போது இந்தச் சிறு வேறுபாடுகள் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கின்றன.

தாங்குதிறன் என்ற எண்

1838இல் பெல்ஜியக் கணிதவியலாளர் பியேர் வெர்ஹல்ஸ்ட் முன்வைத்த லாஜிஸ்டிக் சமன்பாடு, உயிரினத்தொகை வளர்ச்சியைக் கற்பிக்கும் எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறுகிறது. தொகை சிறிதாக இருக்கையில் வளர்ச்சி வீதம் உயர்ந்திருக்கும். தொகை ஏற ஏற வீதம் படிப்படியாகத் தணியும். வாழிடத்தின் தாங்குதிறனை, அதாவது அது நிலையாகத் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கையை, எட்டும்போது பிறப்பும் இறப்பும் சமமாகி வளர்ச்சி நின்றுவிடும். வரைபடத்தில் எஸ் வடிவக் கோடு. செயின்ட் மேத்யூவில் கோடு எஸ் வடிவத்தை எடுக்கவில்லை. மேலே பாய்ந்தது, பிறகு செங்குத்தாக விழுந்தது.

சமன்பாடு பொய்யல்ல, அதன் இரண்டு எடுகோள்கள் இந்தத் தீவுக்குப் பொருந்தவில்லை. தாங்குதிறன் ஒரு நிலையான எண் என்பது முதல் எடுகோள். நெரிசல் ஏற்பட்டவுடனே பிறப்பும் இறப்பும் அதற்கேற்ப மாறிவிடும் என்பது இரண்டாவது. ஒவ்வோர் ஆண்டும் முளைத்து, அந்த ஆண்டே தின்னப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் முளைக்கும் புல்லை மட்டும் நம்பி வாழும் விலங்குக்கு இவை ஓரளவு பொருந்தலாம். லைக்கன் அப்படிப்பட்டதல்ல. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் அது, பல பத்தாண்டுகள் மேயப்படாமல் கிடந்ததால்தான் மெத்தையாகத் தடித்திருந்தது. மான்கள் வந்தபோது அவற்றின் எதிரில் இருந்தது நெடுங்காலச் சேமிப்பு. அந்தச் சேமிப்பை முதலாகவும் ஆண்டு வளர்ச்சியை வட்டியாகவும் வைத்துக்கொண்டால் நிகழ்ந்தது எளிதில் விளங்கும்: மந்தை சிறிதாயிருந்தவரை வட்டியில் வாழ்ந்தது; பிறகு தனக்கே தெரியாமல் முதலைத் தின்னத் தொடங்கியது; முதல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது.

இதன் வேகத்தை உணர ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே. தீவில் அளந்தவை அல்ல. ஒரு நிலத்தின் ஆண்டு வளர்ச்சி 1,000 மான்களுக்குப் போதும் என்றும், அதற்குமேல் 20,000 மான்களுக்கு ஓராண்டுக்கான உணவு கையிருப்பில் உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். 1,000ஐ எட்டிய மந்தை ஆண்டுக்கு 30 விழுக்காடு பெருகுகிறது. முதல் ஆண்டில் 1,300 மான்கள், கையிருப்பிலிருந்து எடுப்பது 300 பங்கு. அடுத்த ஆண்டு 690. நான்கு ஆண்டுகள் முடியும்போது மந்தை 2,850ஐத் தாண்டியிருக்கும். கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். ஐந்தாண்டு முடிவிலும் மூன்றில் இரண்டு பங்கு பத்திரமாக இருக்கும். ஆறாம் ஆண்டில் பாதிக்குக் கீழே இறங்கும். ஏழாம் ஆண்டில் மட்டும் தொடக்கக் கையிருப்பில் கால்பங்குக்கு மேல் காலியாகும். எட்டாம் ஆண்டில் 8,150 மான்களுக்கு மேல் நிற்கும்; எஞ்சிய கையிருப்பும் அந்த ஆண்டின் வளர்ச்சியும் சேர்ந்து ஏறக்குறைய 5,140 மான்களுக்கே போதும். வரம்பைத் தாண்டி ஐந்தாண்டுகள் வரை நிலத்தில் பெரிய மாற்றம் தென்படாது. அதன்பின் மூன்றே ஆண்டுகளில் எல்லாம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கு உண்மையைவிட மென்மையானது. லைக்கன் படுகை மெலியும்போது அதன் ஆண்டு வளர்ச்சியும் குறையும் என்பதை நான் சேர்க்கவில்லை. குளம்புகள் மிதித்து நொறுக்குவதையும் சேர்க்கவில்லை. கோடையில் உலர்ந்த லைக்கன் மிதிபட்டவுடன் பொடியாகிக் காற்றில் போய்விடும், தின்னாமலே அழிவது அதில் கணிசம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தின் முழுப்பரப்பும் குளிர்காலத்தில் மேய்ச்சலுக்குக் கிடைக்கும் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. பனி எங்கும் ஒரே ஆழத்தில் விழுவதில்லை. பள்ளங்கள் புதைந்துவிடும், காற்று அடித்துக்கொண்டேயிருக்கும் மேட்டுமுகடுகளில்தான் பனி மெல்லியதாக இருக்கும். கடுங்குளிரில் மான்கள் ஒதுங்குவது அங்கேதான், அதனால் முதலில் மொட்டையாவதும் அதே முகடுகள்தாம். 330 சதுர கிலோமீட்டர் என்ற பரப்பு வரைபடத்துக்குரியது. மார்ச் மாதத்து மானுக்கு அதில் சிறு பகுதியே வாழிடம்.

ஆக, 1957இன் தாங்குதிறன் ஓர் எண், 1963இன் தாங்குதிறன் வேறோர் எண். இரண்டாவதைக் கீழே இறக்கியது மந்தையே. தாங்குதிறனை வாழிடத்தின் நிலையான பண்பாக எழுதும் பழக்கம் மாற வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். மீளும் வேகம் குறைந்த உணவை நம்பியிருக்கும் இனத்துக்கு அது, வாழிடமும் அதில் வாழ்வனவும் சேர்ந்து ஆண்டுதோறும் மாற்றியமைக்கும் ஓர் அளவு.

குளிர்காலமா, பசியா?

1963–64 குளிர்காலம் கடுமையானது. பனிப்பொழிவு மிகையாக இருந்தது. பிற்காலத்தில் பெரிங் கடல் பகுதியின் வானிலைப் பதிவுகளை ஆராய்ந்தபோது அதன் கடுமை உறுதிப்பட்டது. இதைக் கொண்டு, மந்தையை அழித்தது தட்பவெப்பமே, மிகைமேய்ச்சல் அல்ல என்று வாதிட இடமுண்டு. மந்தை எப்படியும் அழிந்திருக்கும், குளிர்காலம் ஒரு சாக்கு என்ற எதிர்வாதமும் உண்டு.

இரண்டையும் தனித்தனிக் காரணங்களாக நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இங்கே பொருந்தாது. 1957இன் கொழுத்த மான்கள், மேட்டுமுகடுகளில் லைக்கன் இருந்த நிலத்தில், அதே குளிர்காலத்தைச் சந்தித்திருந்தால் குட்டிகளையும் முதியவற்றையும் இழந்திருக்கும்; நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற கணக்கில் மடிந்திருக்கும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. மறுபுறம், 1963இன் மெலிந்த மான்களுக்கு மிதமான சில குளிர்காலங்கள் வாய்த்திருந்தால் வீழ்ச்சி சில ஆண்டுகளுக்கு நீண்டு, படிப்படியாக நிகழ்ந்திருக்கலாம். மேய்ச்சல் மந்தையின் தாக்குப்பிடிக்கும் ஆற்றலைக் கரைத்தது. வீழ்ச்சியின் நாளையும் ஆழத்தையும் பனி முடிவுசெய்தது. உணவு, தட்பவெப்பத்தோடு ஊடாடியபடி, இந்தத் தொகையைக் கட்டுப்படுத்திய முதன்மைக் காரணியாக இருந்தது என்பதே கிளைனின் முடிவும். வானிலை போன்ற காரணிகளை அடர்த்தியைச் சாராதவை என்றும், உணவு போன்றவற்றை அடர்த்தியைச் சார்ந்தவை என்றும் பாடநூல்கள் பிரிக்கின்றன. ஒரே பனிப்பொழிவு, மந்தை அடர்ந்திருக்கும்போது பன்மடங்கு கொல்கிறது என்பதால், நடைமுறையில் அந்தப் பிரிவினை அவ்வளவு கூர்மையாக நிற்பதில்லை.

42 ஏன் மீளவில்லை?

29 விலங்குகளால் முடிந்தது 42 விலங்குகளால் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு உணவு மட்டும் விடையாகாது. லைக்கன் அழிந்த இடங்களில் புல்லும் கோரையும் பரவிவந்தன. 330 சதுர கிலோமீட்டரில் 42 மான்கள் உயிர்வாழ அது போதும், வாழவும் செய்தன.

விடை பால்விகிதத்தில் இருக்கிறது. மரபியலில், இனப்பெருக்கத்தில் பங்குபெறும் ஆண் பெண் எண்ணிக்கைகளின் பெருக்கலை நான்கால் பெருக்கி, அவற்றின் கூட்டலால் வகுத்து, செயல்படும் தொகை என்று கணக்கிடுவார்கள். 1944இல் 24 பெண்களும் 5 ஆண்களும்: செயல்படும் தொகை ஏறக்குறைய 16 அல்லது 17. 1966இல் 41 பெண்களும் ஓர் ஆணும்: அந்த ஆண் முழுத் திறனோடு இருந்திருந்தாலும் நான்குக்கும் கீழே. திறனற்றதாக இருந்தால் சுழி. வெறும் தலைக்கணக்கில் 42 என்பது 29ஐவிடப் பெரிது. உயிரியல் கணக்கில் 1966இன் கூட்டம் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. கடைசிப் பெண் மான் முதுமையில் சாகும்வரை அது தீவில் நடமாடிக்கொண்டிருந்தது.

சிறு தொகைகளில் இது வழக்கமான ஆபத்து. பெரிய தொகையில் ஆண் பெண் பிறப்புகளும் தனித்தனி இறப்புகளும் சராசரியில் கரைந்துவிடும். சிறிய தொகையில் ஒரே ஒரு விலங்கின் குறைபாடு முழுக் கூட்டத்தின் விதியாகிவிடுகிறது.

ஒப்பிடத்தக்க பிற தீவுகள்

இதே பெரிங் கடலில் உள்ள பிரிபிலோஃப் தீவுகளுக்கு 1911இல் துருவ மான்கள் கொண்டுவரப்பட்டன: செயின்ட் பால் தீவில் 25, செயின்ட் ஜார்ஜ் தீவில் 15. செயின்ட் பாலில் அவை 1938இல் 2,000ஐத் தாண்டின. 1950இல் எஞ்சியவை 8. ஏறத்தாழ 106 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் உச்ச அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 19 அளவில் வருகிறது. செயின்ட் மேத்யூவின் 18க்கு இது மிக அருகில் இருப்பது என் கவனத்தை ஈர்க்கிறது. ஒரே கடலின் இரு தீவுகளை வைத்து விதி வகுத்துவிட முடியாது என்றாலும், லைக்கன் சேமிப்பு தீரும் கட்டம் ஒரே அடர்த்தியை ஒட்டி வந்திருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது. வேறுபாடு வீழ்ச்சியின் வடிவத்தில்: செயின்ட் பாலில் அது ஒரே குளிர்காலத்தில் முடியாமல் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. செயின்ட் ஜார்ஜின் மந்தையோ 1922இல் 222 என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சில பத்துகளுக்கு இறங்கி, அந்த அளவிலேயே நெடுங்காலம் தங்கியது. ஒரே இனம், ஒரே ஆண்டு, அண்டைத் தீவுகள். வரைபடக் கோடுகள் மட்டும் வெவ்வேறு.

கொன்றுண்ணி இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்வது எளிது. சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானப்படுத்துகிறது. அங்கே மூஸ் மான்களும், உறைந்த ஏரியைக் கடந்து 1940களின் இறுதியில் வந்துசேர்ந்த ஓநாய்களும் 1958 முதல் தொடர்ந்து கணக்கெடுக்கப்படுகின்றன. 1980இல் 50ஆக இருந்த ஓநாய்கள், நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தீவை எட்டியதும் 1982இல் 14ஆகச் சரிந்தன. அழுத்தம் தளர்ந்த மூஸ் மான்கள் 1995இல் ஏறக்குறைய 2,400 ஆயின. கடும் குளிர்காலம், இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள், உணவுத் தட்டுப்பாடு மூன்றும் சேர்ந்து 1997க்குள் அவற்றை 500 அளவுக்கு இறக்கின. ஓநாய்கள் ஏற்ற இறக்கத்தை ஒழிக்கவில்லை. மூஸ் மான்கள் கைமீறிப் பெருகும் காலங்களை அவை குறைத்தன, அதுவும் அவையே நலமாக இருந்தவரை. அந்த ஓநாய்களும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்து நலிந்து, 2018இல் தொடங்கி வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டிய நிலை வந்தது. கொன்றுண்ணியும் ஓர் உயிரினத்தொகைதான்; சிறிய தொகைக்குரிய ஆபத்துகள் அதற்கும் உண்டு.

செயின்ட் மேத்யூவின் கதையை மனித இனத்தின் எதிர்காலத்துக்கான உவமையாகச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மான்களால் பயிரிடவோ பண்டம் மாற்றவோ தீவைவிட்டு நீந்திப் போகவோ முடியாது என்பதால் அந்த உவமையை நான் பின்பற்றவில்லை. அடைபட்ட நிலத்தில் வாழும் காட்டுவிலங்குகளைப் பராமரிப்போருக்கு இந்த நிகழ்வு நேரடியாகவே பயன்படுகிறது. அதற்கு உவமை தேவையில்லை.

எதை அளப்பது?

அந்தப் பயன் அளவீட்டில் தொடங்குகிறது. வேலியிட்ட காப்பகமோ தீவோ எதுவானாலும், மேலாண்மைத் திட்டங்கள் பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையைச் சுற்றியே அமைகின்றன. எண்ணிக்கை கூடினால் வெற்றி என்று எழுதப்படுகிறது. 1963இல் அந்த அளவுகோல் செயின்ட் மேத்யூவை மகத்தான வெற்றியாகக் காட்டியிருக்கும். உடல் எடையும், ஓராண்டு நிறைந்தவற்றின் விகிதமும், குளிர்கால உணவின் தடிமனும் அப்போதே எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தன. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இளமான்களின் விகிதத்தையே நான் எடுப்பேன். விலங்கைப் பிடிக்காமல், கொல்லாமல், தொலைநோக்கியால் பார்த்தே கணக்கிடலாம். மேலும், பிறப்பையும் முதல் குளிர்காலத்துப் பிழைப்பையும் ஒரே எண்ணில் அது சேர்த்துச் சொல்லிவிடுகிறது. 45இலிருந்து 26 என்ற இறக்கத்தை 1960, 1961, 1962 எனப் படிப்படியாகக் கண்டிருந்தால், உணவுக் கையிருப்பு ஓரளவாவது மீந்திருந்த கட்டத்திலேயே மந்தையைக் குறைக்கும் முடிவை எடுத்திருக்க முடியும். ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு அளவீடுகள், இரண்டேகால் ஆண்டு முதல் இரண்டரை ஆண்டுக்குள் இரட்டிக்கும் ஒரு தொகைக்குப் போதாது. அளவீட்டின் இடைவெளி, இரட்டிக்கும் காலத்தைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும்.

நிலத்தை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்ற கேள்விக்கும் இந்த நிகழ்வில் ஒரு நல்ல விடை அமைந்திருந்தது. செயின்ட் மேத்யூவுக்கு அருகிலேயே உள்ள ஹால் தீவில் துருவ மான்கள் ஒருபோதும் விடப்படவில்லை. அதே கடல், அதே காற்று, அதே தாவர இனங்கள். மேய்ச்சல் மட்டும் இல்லை. வீழ்ச்சிக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தீவில் மான்கள் முற்றிலும் இல்லாத நிலையில், இரண்டு தீவுகளையும் ஒப்பிட்டார்கள். செயின்ட் மேத்யூவில் தாவரங்கள் நிலத்தைப் பச்சையாக மூடியிருந்தன. லைக்கன் மட்டும் ஹால் தீவில் இருப்பதில் சிறு பங்கே திரும்பியிருந்தது. லைக்கனின் மெதுவான வளர்ச்சியோடு, வெப்பமடைந்துவரும் தட்பவெப்பத்தில் புல்லும் பிற செடிகளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதும் இந்தத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மந்தை வாழ்ந்த காலத்தைவிட, அது தின்றுதீர்த்த உணவு திரும்புவதற்கு ஆகும் காலம் ஏற்கெனவே நீண்டுவிட்டது.